கரும்பலகை இணையத்துக்கு வரட்டும்: குமரி மாவட்டச் சாப்பாட்டுக் கடைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஹோட்டலும் மெஸ்ஸும் சாயாக்கடையும் நடத்தும் முதலாளிகள், அவர்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுக்கும் தம்பி தங்கைகள், உணவு விநியோகச் செயலி நிறுவனங்கள், மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும், சாப்பிட வரும் நாம் எல்லோரும்.

தக்கலையைத் தாண்டி மார்த்தாண்டம் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பகல் பதினொரு மணி ஆனதும் முதலாளி வாசல் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பார். சாக்பீஸை எடுத்து வரிவரியாக எழுதுவார். சாப்பாடு. மரச்சீனியும் மீன்கறியும். நெய்மீன் பொரிச்சது. சாளை அவியல். உள்ளித் தீயல். எதிரே விலை. இரண்டு மணிக்கு நெய்மீன் தீர்ந்துபோனால் அந்த ஒரு வரியை மட்டும் உள்ளங்கையால் அழித்துவிட்டுக் கல்லாவில் போய் உட்காருவார். பஸ்ஸில் போகிறவர்கூட ஜன்னல் வழியாக அதைப் படித்துவிடலாம்.

அந்தக் கடைக்கு இணையதளமும் இருக்கிறது. திறந்தால் மூன்று படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. மூன்றிலும் அந்தக் கடையின் இலை இல்லை. எங்கோ வடக்கே எடுத்த ரொட்டியும் பன்னீரும்தான் இருக்கின்றன. மெனு என்ற பொத்தானைத் தொட்டால் ஒரு பிடிஎஃப் கோப்பு இறங்குகிறது. அதில் எழுத்து எறும்பளவு. இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். படித்து முடித்தால் விலை எல்லாம் பல வருஷத்துக்கு முந்தியது. கீழே இருந்த எண்ணை நான் அழைத்துப் பார்த்தேன். எடுத்தவருக்கும் கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "இந்த நம்பர் என்கிட்ட வந்து ரெண்டு வருஷமாச்சு சார். தினமும் யாராவது சாப்பாடு உண்டான்னு கேக்காவ" என்றார்.

சாக்பீஸும் பலகையும் தினமும் செய்யும் வேலையைக் காசு கொடுத்துக் கட்டிய தளம் ஒரு நாள்கூடச் செய்யவில்லை. இது ஒரு கடையின் கதை என்றால் சாசனம் எழுத வேண்டியதில்லை. வடசேரி முதல் களியக்காவிளை வரை, ஆரல்வாய்மொழி முதல் குளச்சல் வரை, தளம் இருக்கும் கடைகளில் பலவற்றின் நிலை இதுதான். தளமே இல்லாத கடைகளோ இன்னும் அதிகம். அவற்றைப் பற்றி இணையத்தில் இருப்பதெல்லாம் அடுத்தவர் எழுதியது, அடுத்தவர் எடுத்த படம், அடுத்தவர் குறித்த நேரம்.

விருந்தாளி வருகிற மாவட்டம் இது. 1970-இல் விவேகானந்தர் பாறை நினைவிடம் திறந்த நாளிலிருந்தும், 2000 ஜனவரி 1-இல் 133 அடி வள்ளுவர் சிலை எழுந்த நாளிலிருந்தும் கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2024 டிசம்பர் 30-இல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். திப்ருகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில், வந்து நிற்பது இங்கேதான். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் வருகிறார்கள். இத்தனை பேரும் சூரிய உதயம் பார்த்து முடித்ததும் கையில் கைபேசியை எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பக்கத்தில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?

அந்தக் கேள்விக்குக் கடைக்காரரே பதில் சொல்ல வேண்டும், தன் சொல்லில், அன்றன்றைக்கு. அதற்காகவே கீழே உள்ள கோரிக்கைகள்.

1. பெயரும் சாவியும் கடைக்காரர் கையில்

கடையின் இணைய முகவரி, அதாவது டொமைன், கடைக்காரர் பெயரிலேயே பதிவாக வேண்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும். கடவுச்சொல் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு நடந்ததைச் சொல்கிறேன். தளம் செய்து கொடுத்தவர் முகவரியைத் தன் பெயரில் வாங்கியிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதுதான் சுலபம் என்று அப்போது தோன்றியிருக்கிறது. பிறகு அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவருடைய பழைய பெட்டிக்கே போயின. தவணை தப்பியது. முகவரி வேறு யாரோ கைக்குப் போய், கடையின் பெயரைத் தொட்டால் சூதாட்ட விளம்பரம் வருகிற நிலை ஆயிற்று. போர்டிலும் பில்லிலும் பார்சல் பையிலும் அந்த முகவரி அச்சாகி இருந்தது. இருபது வருஷம் அடுப்படியில் நின்று சேர்த்த பெயர் அது.

டாட் இன் முகவரிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு, சாதாரணமாக ஒரு குடும்பம் ஒரு வேளை மீன் சாப்பாடு சாப்பிடும் செலவுதான். தமிழ் எழுத்திலேயே .இந்தியா என்று முடியும் முகவரியும் கிடைக்கிறது; போர்டில் எழுத அழகாக இருக்கும். எதை வாங்கினாலும் புதுப்பிக்கும் தேதியைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தளம் கட்டும் தம்பி தங்கைகளிடம் எங்கள் கோரிக்கை இதைவிடக் கண்டிப்பானது: வேலை முடிந்து காசு வாங்கும் நாளில், வீடு கட்டிய கொத்தனார் சாவியைக் கொடுப்பதுபோல், எல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

2. பசித்தவனுக்கு முதல் திரையிலேயே பதில்

பக்கத்தைத் திறந்ததும், விரலை அசைக்காமலே தெரிய வேண்டியவை: கடை இப்போது திறந்திருக்கிறதா, இன்று என்ன உண்டு, என்ன விலை, எப்படி வருவது, யாரை அழைப்பது. எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். கடையின் வரலாறு, தாத்தா படம், விருது வாங்கிய படம் எல்லாம் தாராளமாக இருக்கட்டும், கீழே.

நேரத்தைக் குறிப்பதில் நம் கடைகளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. காலை ஆப்பமும் புட்டும் பத்து மணியோடு தீரும். பன்னிரண்டு முதல் மூன்றரை வரை சாப்பாடு. நடுவே அடைப்பு. மாலையில் பரோட்டாக் கல் சூடாகும். இதைக் 'காலை 7 முதல் இரவு 10 வரை' என்று ஒரே வரியில் போட்டுவிட்டால் நாலு மணிக்குச் சாப்பாடு தேடி வருகிறவர் ஏமாந்து போகிறார். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விடுமுறையும் ஒரு கூட்டமும் உண்டு. அந்த நாட்களில் திறப்பா அடைப்பா என்பதை முந்தின நாளே பக்கத்தில் போட வேண்டும்.

வழி சொல்வதிலும் கவனம் வேண்டும். 'நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு எதிரே' என்று ஒரு கடை எழுதியிருக்கிறது. எந்த பஸ் ஸ்டாண்டு? மீனாட்சிபுரத்து அண்ணா பேருந்து நிலையமா, வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையமா? ரயில் நிலையமும் அப்படித்தான். கோட்டாரில் ஜங்ஷன் ஒன்று, டவுன் ஸ்டேஷன் இன்னொன்று. ஊர்க்காரருக்கு இதில் குழப்பம் இல்லை. கொல்கத்தாவிலிருந்து பெட்டியோடு இறங்குகிறவருக்கு ஆட்டோக் கூலி இரட்டிப்பாகிறது. கூகுள் வரைபடத்தில் கடையின் பக்கத்தை உரிமை கோரி எடுத்துக்கொள்வதற்குக் கட்டணம் கிடையாது. குறியை நடுரோட்டில் விட்டுவிடாமல் கடை வாசலிலேயே நாட்டுங்கள்.

3. மெனு எழுத்தாக இருக்கட்டும், நம் சொல்லாக இருக்கட்டும்

இந்தச் சாசனத்தில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் ஏற்பீர்கள் என்றால், இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்போம்.

மெனுவைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ போடாதீர்கள். தட்டச்சு செய்த எழுத்தாகப் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிப்பதில்லை. பார்வையற்றவரின் கைபேசி அதை ஒழுங்காக வாய்விட்டு வாசிப்பதும் இல்லை. எண்ணியல் வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. அரசு அலுவலகம் அதைச் செய்கிறதோ இல்லையோ, சாப்பாட்டுக் கடை செய்யலாம். ஒரு மணி நேர வேலை.

எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்த மெனுவை அப்படியே வெட்டி ஒட்டினால், பார்க்கிறவர் கைபேசியில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத்தான் வரும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கு இதமான தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனிச் சொல் விஷயம். மரச்சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசிக்காகப் பரப்பிய கிழங்கு என்று சொல்லப்படுவது அது. நமக்கு மரச்சீனி. பாறசாலையைத் தாண்டினால் கப்பை. திருநெல்வேலிக்கு வடக்கே மரவள்ளி. மதுரைக்காரர் 'மரவள்ளிக்கிழங்கு மீன்குழம்பு' என்று தேடுவார். திருவனந்தபுரத்துக்காரர் கப்பையும் மீன்கறியும் தேடுவார். நம் கடையில் மரச்சீனி மட்டும் எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் நாம் கண்ணில் படமாட்டோம். அதற்காக மரச்சீனியை அழித்துவிட்டு மரவள்ளி என்று எழுதுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் இந்த மண்ணின் சொல் இந்த மண்ணின் கடையிலேயே செத்துப்போகும். முதலில் மரச்சீனி என்று பெரிதாக எழுதுங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் 'மரவள்ளி, கப்பை' என்று சேருங்கள். நெய்மீன், கீழே 'வஞ்சிரம்'. சாளை, கீழே 'மத்தி'. சக்கைப் பிரதமன், கீழே 'பலாப்பழப் பாயசம்'. ஏத்தங்காய், கீழே 'நேந்திரம்'. சொந்தக்காரருக்கும் விருந்தாளிக்கும் ஒரே பந்தியில் இலை போடுகிற மாதிரிதான் இது.

சில பெயருக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். தீயல் என்றால் வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? மொழிபெயர்ப்புக் கருவியிடம் விட்டால் அது 'தீ' என்பதைப் பிடித்துக்கொண்டு எங்காவது போய்விடும். தேங்காயைத் துருவி, மல்லியும் வத்தலும் சேர்த்து, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை பொறுமையாக வறுத்து, விழுதாக அரைத்துப் புளியில் கொதிக்கவிட்ட குழம்பு, சின்ன உள்ளி போட்டது என்று எழுதுங்கள். படிக்கும்போதே வாசம் வரும். நாஞ்சில் நாட்டு அவியலும் எரிசேரியும் புளிசேரியும் இஞ்சிப்பச்சடியும் இப்படி ஒவ்வொரு வரி கேட்கின்றன. எழுதத் தெரியாது என்று முதலாளி சொன்னால், வீட்டில் சமைக்கிற அம்மாவிடமோ மதினியிடமோ கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதுங்கள். அதைவிட நல்ல எழுத்தை எந்த விளம்பர நிறுவனமும் தராது.

தமிழில் எழுதிய பிறகு ஆங்கிலம், மலையாளம், இந்தி என்று மொழிகளைச் சேருங்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததை அந்த மொழி தெரிந்த ஒருவர் ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது. மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் தெருவுக்குத் தெரு கிடைப்பார்.

4. கடல் சொல்கிறபடி மெனு மாற வேண்டும்

ஆண்டு முழுவதும் ஒரே மீன் பட்டியலைப் போட்டு வைத்திருக்கும் தளத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். கடலோரத்தில் கடை வைத்திருக்கிறவர் கடலை மறந்துவிட்ட மாதிரி.

இரண்டு கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமும் நம் மாவட்டத்தில் நடக்கிறது. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதுவும் 61 நாள். ஜூன் மாதத்து முதல் இரண்டு வாரம் இரண்டு தடையும் ஒன்றாக விழுகிறது. அந்த நாட்களில் நம் கரையில் ஏறுவது வள்ளக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் கொண்டுவரும் மீன்தான். கிடைப்பது குறையும், விலை ஏறும். கடைக்காரருக்கு இது தெரியும். சாப்பிட வருகிறவருக்குத் தெரியாது. அவர் விலையைப் பார்த்து, சுற்றுலாப் பயணி என்பதால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து, ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

பக்கத்தின் மேலே ஒரே ஒரு வரி போதும்: 'தடைக்காலம். இன்று வள்ளத்து மீன் மட்டும். சாளை, நெத்தோலி உண்டு. நெய்மீன் இல்லை.' இப்படி எழுதும் கடையை நாங்கள் நம்புவோம். இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் உண்டு என்று சொல்லும்போது அது உண்மையாக இருக்கும்.

ஆகவே தளம் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறோம்: முதலாளி தன் கைபேசியிலிருந்தே, ஒரு நிமிஷத்தில், ஒரு வரியைச் சேர்க்கவும் அழிக்கவும் முடிய வேண்டும். விலை மாற்ற உங்களுக்கு போன் போட்டு, நீங்கள் மூன்று நாள் கழித்துச் செய்து, அதற்கும் காசு கேட்கிற முறை ஒழிய வேண்டும். சாக்பீஸ் எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இல்லாவிட்டால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார். அடுப்பு எரிகிற நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

மீனோடு முடியவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, தவக்காலத்து வெள்ளி, நோன்பு மாதத்து மாலை, மாலை போட்டவர்கள் வரும் கார்த்திகை என்று ஒவ்வொன்றுக்கும் சாப்பாட்டுக் கணக்கு வேறு. தனி அடுப்பில் சைவம் சமைக்கிறீர்களா, ஹலால் இறைச்சியா என்பதைச் சங்கடப்பட்டுக்கொண்டு கேட்க வைக்காமல் நீங்களே எழுதிவிடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்தை இலையில் வைக்கிற நாளில் அதையும் எழுதுங்கள். எத்தனையோ ஊர்க்காரர் அதை ருசித்ததே இல்லை.

5. சொன்ன விலையே கொடுக்கும் விலை

பக்கத்தில் போடும் விலை, வாடிக்கையாளர் கடைசியில் கொடுக்கும் விலையாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, பார்சல் டப்பாவுக்குத் தனிக் காசா என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடை வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கவே கூடாது என்பது சட்டம். ஆரம்பத்தில் ஒரு விலை காட்டி, கடைசிப் படியில் இன்னும் இரண்டு கட்டணத்தைச் சொருகுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அச்சிட வேண்டும். அதே எண்ணைத் தளத்தின் அடியிலும் போடுங்கள்.

6. பக்கம் கனமாக இருக்கக் கூடாது

திற்பரப்பிலும் பேச்சிப்பாறையிலும் சிக்னல் வரும், போகும். கன்னியாகுமரிப் படகுத்துறை வரிசையில் நிற்கும்போது ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கைபேசியைப் பார்க்கிறார்கள். அங்கே உங்கள் பக்கம் திறக்கவில்லை என்றால் அடுத்த கடையின் பக்கம் திறக்கும். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். தானாக ஓடும் வீடியோ வேண்டாம், பாட்டு வேண்டவே வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போடுகிற பழக்கத்தை விடுங்கள். முக்கடல் வெயிலில் நின்று அதை யாராலும் படிக்க முடியாது.

இதில் நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ரப்பரும் வாழையும் விழுந்து வழி அடைபட்டுக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கடையில் கஞ்சி கிடைக்கும், எங்கே குடிதண்ணீர் உண்டு என்பதை ஒற்றைக் கோடு சிக்னலிலும் திறக்கும் பக்கம்தான் சொல்ல முடியும்.

7. உங்கள் இலை, உங்கள் படம்

வாங்கிய படம் வேண்டாம். உங்கள் கடை இலையை, உங்கள் பரிமாறுகிறவர் வைத்த வரிசையில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். கைபேசிப் படமே போதும். படத்துக்குக் கீழே எழுத்தில் ஒரு விவரம் இருக்கட்டும். பாராட்டு விமர்சனத்தைக் காசு கொடுத்து எழுத வைக்காதீர்கள். இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இலேயே ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. குறை சொன்னவருக்குப் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை நூறு பேர் படிப்பார்கள்.

8. விநியோகச் செயலிகளிடம்

செயலிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வாதம் அன்று. மழை இரவில் படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பாவுக்கு இட்லி வரவழைக்க அவை உதவியிருக்கின்றன. ஆனால் கடையின் ஒரே முகம் செயலி என்று ஆகிவிடக் கூடாது. 2021-இல் இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் ஜொமேட்டோ, ஸ்விக்கி மீது புகார் கொடுத்தது; 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025-இல் நாமக்கல் ஹோட்டல் உரிமையாளர்கள், கமிஷன் தாங்கவில்லை என்று சொல்லி, ஜூலை 1 முதல் இந்தச் செயலிகள் வழியே விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஓர் ஊரின் கடைக்காரர்கள் ஒன்றுகூடிப் பேசியது நமக்குப் பெரிய பாடம். ஆனால் செயலியை விட்டு வெளியே வருகிற கடைக்குப் போய்ச் சேர ஒரு வீடு வேண்டும். சொந்தத் தளம் இல்லாதவர் வெளியே வந்தால் இணையத்தில் காணாமலே போவார்.

ஆகவே செயலி நிறுவனங்களைக் கேட்கிறோம். கடைக்காரர் எழுதிக் கையெழுத்திடாமல் அவர் பெயரில் பக்கம் திறக்காதீர்கள். கடை கொடுத்த பெயரை மாற்றாதீர்கள். உள்ளித் தீயலை 'ஆனியன் கறி' ஆக்காதீர்கள். ஒவ்வொரு பில்லிலும் கடைக்குப் போவது எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பதை வாடிக்கையாளர் பார்க்கும்படி போடுங்கள். கடையின் சொந்தத் தளத்துக்கு உங்கள் பக்கத்தில் ஓர் இணைப்புக் கொடுங்கள்.

கடைக்காரர்களையும் கேட்கிறோம். நேரடி ஆர்டருக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் ஒரு பொத்தான், பக்கத்தில் யுபிஐ எண். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. "அண்ணாச்சி, நாலு சாப்பாடு, ஒரு மணிக்கு வாறோம்" என்று சொன்னால் "நெய்மீன் கொஞ்சம்தான் கெடக்கு, வேகம் வாங்க" என்று பதில் வருகிற உறவை எந்தச் செயலியும் தந்துவிட முடியாது. அப்படி வரும் எண்களுக்குத் தினமும் விளம்பரம் அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. அதைவிட, நம்பிக் கொடுத்த எண் அது.

9. மாவட்ட நிர்வாகத்திடமும் கல்லூரிகளிடமும்

மாவட்ட நிர்வாகம் உணவகங்களின் பட்டியல் ஒன்றைத் தன் தளத்தில் வைக்க வேண்டும். நட்சத்திர ஹோட்டல் மட்டும் என்றில்லாமல், உரிமம் உள்ள மெஸ்ஸும் தட்டுக்கடையும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தக் கடையின் சொந்தத் தளத்துக்கு இணைப்பு. உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்க வருகிறவரிடமே தள முகவரியையும் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். புதிதாக அலைய வேண்டியதில்லை. பேரிடர் நாளில் திறந்திருக்கும் கடை எது என்று சொல்லவும் அந்தப் பட்டியலே உதவும்.

ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, கோணம் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் கணினித் துறைகளைக் கைகூப்பிக் கேட்கிறோம். கடைசி ஆண்டு மாணவர்கள் எங்கோ இருக்கிற கற்பனை நூலகத்துக்கு மென்பொருள் எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறார்கள். அவர்களில் இரண்டிரண்டு பேருக்கு ஓர் உள்ளூர்க் கடையைக் கொடுங்கள். ஒரு வாரம் அங்கே மதியம் உட்கார்ந்து, முதலாளி கரும்பலகையில் எப்படி எழுதுகிறார், எந்த வரியை எப்போது அழிக்கிறார் என்று பார்க்கட்டும். பிறகு கட்டட்டும். அவர் சொந்தக் கையால் மூன்று மாதம் பயன்படுத்திய பிறகே மதிப்பெண் போடுங்கள்.

10. நம்மிடம்

சாப்பிட்டு நன்றாக இருந்தால் அந்தக் கடையின் தளத்தையே நண்பருக்கு அனுப்புவோம். விலையோ நேரமோ தவறாகப் பார்த்தால் கல்லாவில் நின்று சொல்லிவிட்டு வருவோம். வீட்டில் தட்டச்சு தெரிந்த பிள்ளை இருந்தால், பக்கத்துத் தெருக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைப்போம்.

இவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று யாரையும் நாங்கள் கேட்கவில்லை. முகவரியைச் சொந்தப் பெயருக்கு மாற்றவும், மெனுவை எழுத்தாக்கவும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் நாளைக்கே தொடங்கலாம், தளம் இல்லாதவர்கூட, கூகுள் வரைபடத்தில் இருக்கும் தன் கடைப் பக்கத்திலேயே. காலை பதினொரு மணிக்குக் கரும்பலகையைத் துடைத்து எழுதி முடித்ததும், சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டு, அதே வரிகளைக் கைபேசியில் தட்டச்சு செய்யுங்கள். இன்றைய தேதியைப் போடுங்கள். மீனின் பெயரை நம் ஊரில் சொல்கிறபடியே எழுதுங்கள்.